ஏரி சுற்றிய மாப்பிள்ளை

"செங்குன்றம் ஏரிக்கு வழி தெரியுமா?" என்று செல்வநாதன் மூன்றாவது முறையாகக் கேட்டபோது லியாகத் அலி பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"இன்னா மாமு, ஒரே பேஜாரா கீது உன்னோட. பஸ்ஸுல ஏறு, செங்குன்றத்துல எறங்கு. எதிர்க்கத் தண்ணி தெரியும். அதான் ஏரி."

"போறதுக்கு இல்லப்பா. சுத்தி வர்றதுக்கு."

இருவரும் துறைமுகக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாக்கள். ஒரு மனிதன் ஏரியை எதற்காகச் சுற்ற வேண்டும் என்பது லியாகத் அலிக்கு விளங்கவில்லை. செல்வநாதன் நடந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ராயபுரத்தில் ஆசீர்வாதம் என்று ஒரு பெரியவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தே போன அலுப்போ என்னவோ, ஓய்வு பெற்ற மறுநாள் நடக்க ஆரம்பித்தவர் இன்னும் நிற்கவில்லை. திருவொற்றியூர் வரை போய்த் திரும்பிய பிறகுதான் அவருக்குக் காலைக் காப்பி. மகள் ஞானபாக்கியம் பள்ளிக்கூட டீச்சர். அவளைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை, இரண்டே தெரு தள்ளியிருந்த மாதா கோயிலிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கினான். ஆசீர்வாதம் அவனை அதே ரிக்‌ஷாவில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாவதாகப் போனவன் செல்வநாதன். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டை முன்னால் வைத்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உமக்கு நடக்கிற பழக்கம் உண்டா?"

செல்வநாதனுக்குத் தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நடக்கிற பழக்கம் உண்டு. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கதவோரம் நின்ற ஞானபாக்கியம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வாராவாரம் செங்குன்றம் ஏரியை ஒரு சுத்து சுத்திடுவேன் ஐயா. ஒத்தையடிப் பாதை எல்லாம் அத்துப்படி."

"அப்படிச் சொல்லும்!" பெரியவர் கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "வழி தெரிஞ்ச ஆள் கிடைக்காமத்தான் நான் இத்தனை நாளும் அந்தப் பக்கம் போகல. நாளை மறுநாள் போவோம். பாக்கியமும் வருவா. நீரு முன்னால போம், நாங்க பின்னால வாரோம்."

இதைக் கேட்டு முடித்த லியாகத் அலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு நண்பனின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டான்.

"கவலைய வுடு. செங்குன்றத்துல வரதன்னு நம்ம தோஸ்து ஒருத்தன் கீறான். மாடு மேய்க்கிறவன். ஏரியோரம் பூரா அவன் கால் படாத எடம் கெடையாது. பெரிய மதகாண்ட தலையில பானையோட நிக்கச் சொல்றேன். நீ கிட்டப் போய்ப் பேசாத. ஒரு தபா இருமு. அவன் முன்னால போய்க்கினே இருப்பான், நீ பின்னால போய்க்கினே இரு. பெரியவருக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆளை நான் பார்த்ததே இல்லையே."

"அதான் பானை கீதே!"

அன்று இரவு செல்வநாதன் கனவில் நூறு பேர் பானையோடு நின்றார்கள்.

மறுநாள் காலையில் மதகருகே ஒரே ஒருவன்தான் பானையோடு இருந்தான். செல்வநாதனுக்குப் போன உயிர் திரும்பியது. ஆசீர்வாதம் காக்கி நிக்கர், காக்கிச் சட்டை, பழைய பூட்ஸ், கையில் தடி, கழுத்தில் விசில் என்று முழு அலங்காரத்தில் வந்திருந்தார். ஞானபாக்கியம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

செல்வநாதன் இருமினான்.

பானைக்காரன் திரும்பினான். மூவரையும் ஒரு பார்வை பார்த்தான். மறுபேச்சில்லாமல் பானையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரன் என்று செல்வநாதன் மெச்சிக்கொண்டான்.

இரண்டு மைல் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கரை மேடு, இடது பக்கம் தண்ணீர், நீர்க்காகங்கள், குளிர்ந்த காற்று. "நல்ல வேகம் தம்பி!" என்றார் பெரியவர். வேகம்தான் செல்வநாதனைக் கொன்றுகொண்டிருந்தது. மெதுவாகப் போகச் சொல்லி இருமினான். பானைக்காரன் இன்னும் விரைந்தான். இரண்டு முறை சேர்த்து இருமினான். அவன் கரையை விட்டிறங்கி முட்புதருக்குள் நுழைந்தான்.

"இது பாதையா?" என்று பெரியவர் கேட்டார்.

"குறுக்குப் பாதைங்க ஐயா. ரொம்பப் பேருக்குத் தெரியாது."

ஞானபாக்கியத்தின் புடவை முள்ளில் மாட்டிக்கொண்டது. மகள் பின்தங்கியதைக் கண்ட ஆசீர்வாதம் வழக்கப்படி விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பானைக்காரன் ஓட ஆரம்பித்தான்.

ஆளை விட்டுவிட்டால் மூன்று பேரும் இந்தக் காட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். "இந்த எடத்துல கொஞ்சம் ஓடினா உடம்புக்கு நல்லதுங்க ஐயா!" என்று கத்திக்கொண்டே செல்வநாதனும் ஓடினான்.

ஓட்டம் சேற்றில் போய் முடிந்தது. ஆசீர்வாதத்தின் இடது பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பானைக்காரனைக் காணோம்.

"இதான்... வழக்கமா நான் சாப்பிடுற எடம்" என்றான் செல்வநாதன்.

சுற்றிலும் சிவப்பெறும்பு. உட்கார முடியாமல் நின்றுகொண்டே இட்லியைப் பிட்டார்கள். இரண்டாவது வாய் போவதற்குள் எதிர்ப்புதரிலிருந்து ஒரு பானை மெல்ல எழும்பி நகர்வது தெரிந்தது.

"சாப்பிட்டது போதும், கெளம்பலாம்!"

அடுத்து வந்தது இடுப்பளவு ஆழமுள்ள ஒரு வாய்க்கால். பானைக்காரன் அதில் இறங்கி அக்கரை ஏறிவிட்டான். வேறு வழியில்லாமல் இவர்களும் இறங்கினார்கள். பெரியவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டதால் நல்லவேளையாக அவரால் கேள்வி கேட்க முடியவில்லை.

அக்கரையில் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே ஞானபாக்கியம் அவனருகே வந்து, அப்பா காதில் விழாமல் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. இந்த ஏரியை இதுக்கு முன்னால கண்ணாலயாவது பார்த்திருக்கீங்களா?"

அவள் கேட்ட விதத்தில் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல."

"பின்னே வழி?"

"பானைக்காரன் நம்ம ஆளு. பேரு வரதன். ஏற்பாடு பண்ணி வச்சது."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க. இன்னொரு பூட்ஸும் போகட்டும், ரெண்டுக்குமா சேர்த்துச் சொல்லிக்கலாம்."

"அப்போ என்னை..."

"ரிக்‌ஷாவுல வந்தவருக்கு நீங்க எவ்வளவோ மேல். பயந்துகிட்டாவது நடக்கீங்க."

செல்வநாதனுக்குக் கால்வலி பாதி குறைந்தது. ஆனால் பயம் குறையவில்லை. காலையில் இடது பக்கம் இருந்த ஏரி இப்போது எந்தப் பக்கமும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை பனைமரமும் செம்மண்ணும்தான். உச்சி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, ஏரி எங்கே?"

"வரும் ஐயா. இப்ப வந்துடும்."

இன்னும் ஒரு மைல் போனதும் ஆசீர்வாதம் ஒரு பாறையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் சேறு. செல்வநாதன் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கத் தயாரானான்.

"என் ஆயுசுல இப்படி ஒரு நடை நடந்ததில்லய்யா!" என்றார் அவர். கண்கள் மின்னின. "முள்ளு, சேறு, தண்ணி. ஒரு எடத்துலயாவது நீரு தயங்கினீரா? வழி தெரிஞ்ச ஆளுக்குத்தான் பொண்ணைக் கொடுக்கணும்னு இருந்தேன். ஈஸ்டர் கழிஞ்சதும் கல்யாணத்தை வச்சுக்குவோம்."

ஞானபாக்கியம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்வநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. வரதனுக்கு ஒரு வேட்டி வாங்கித் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் பானைக்காரன் நின்றான். நடையைக் கட்டியதிலிருந்து முதல் தடவையாகத் திரும்பினான். தள்ளாடித் தள்ளாடி இவர்களை நோக்கியே வரத் தொடங்கினான்.

பெரியவர் முன்னால் இவன் வாயைத் திறந்தால் கல்யாணம் இங்கேயே முடிந்தது! வராதே என்று செல்வநாதன் கையால் ஜாடை காட்டினான். இருமினான். தொண்டை கிழிய இருமினான். பானைக்காரன் இன்னும் வேகமாக வந்தான்.

வந்தவன் பானையை ஆசீர்வாதத்தின் காலடியில் இறக்கிவைத்துவிட்டு, அந்த ஒற்றைப் பூட்ஸைக் கட்டிக்கொண்டு விழுந்தான். பானையின் மூடி சரிந்தது. குப்பென்று ஒரு நெடி நான்கு பேர் மூக்கிலும் ஏறியது.

"இன்னமே என்னால ஓட முடியாது இன்ஸ்பெக்டரய்யா, ஒரு பானை சாராயத்துக்கு இம்மாந் தூரம் தொரத்துவீங்களா! இட்டுக்கினு போங்க, ஆனா ஸ்டேஷனுக்கு எப்படிப் போறதுன்னு மட்டும் என்னாண்ட கேக்காதீங்க, நான் கொருக்குப்பேட்டை ஆளு, இன்னிக்குத்தான் மொத தபாவா இந்தப் பக்கம் வர்றேன்!"