ஓங்கு முயலும் ஒடுங்கு முயலும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை, அது பாட்டுக்குத் தூங்கட்டும். அதே காட்டில் ஓர் ஓடை இருந்தது. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு மேடு. மேட்டிலும் பள்ளத்திலுமாக ஏகப்பட்ட முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. கதை அவர்களைப் பற்றியது. அதிலும் மொச்சை என்ற வெள்ளை முயலைப் பற்றியது.

மொச்சைக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவளுக்கே தெரியும். "காது இவ்ளோ நீளமா இருக்கிற கூட்டத்துல வாய் மட்டும் குட்டையாவா இருக்கும்" என்பாள். முயல் பள்ளிக்கூடத்தில் பாதியிலேயே நின்றுவிட்டவள். ஓடத் தெரிந்த முயலுக்கு ஓட்டத்தைப் பற்றி எதற்குப் பரீட்சை என்று வாத்தியாரைக் கேட்டாளாம், அவர் முழித்தாராம், இவள் வந்துவிட்டாளாம். ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மையில் கணக்கில் பெயில்.

அவள் அப்பா கருப்பட்டி முயல்களுக்குத் தலைவர். அம்மா கொள்ளு. தம்பி கேப்பை. மூன்று பேரும் நல்ல பழுப்பு. வீட்டில் மொச்சை மட்டும் வெள்ளை. ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் சில வெள்ளைகள் இருந்ததால் அதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. கூட்டத்தில் பார்த்துத் திட்ட வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

பிரச்சினை மழையில் ஆரம்பித்தது. ஐப்பசியில் ஓடை பொங்கினால் பள்ளத்து வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும். போன வருஷம் மொச்சையின் சிநேகிதி ஒருத்தி அப்படித்தான் உள்ளே மாட்டினாள். திரும்பி மேலே வரவில்லை. இந்த வருஷம் மொச்சைக்கும் தனி வளை பார்க்கும் வயசு வந்திருந்தது. மேட்டில் ஒரு வளை, அது மட்டும் போதும் அவளுக்கு. ஆனால் மேட்டில் இடம் கொஞ்சம், முயல்கள் நிறைய. முயல்கள் வேறு எப்படி இருக்கும்.

யாருக்கு மேடு, யாருக்குப் பள்ளம் என்று எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் கருப்பட்டி மண்டை காய்ந்துபோயிருந்த நேரத்தில்தான் ஒப்பிலி என்ற கிளி வந்தது. காட்டோரப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு ஜன்னலில் உட்கார்ந்து பாடம் கேட்கும் கிளி. ஒரு தடவை கேட்டால் அப்படியே ஒப்பிக்கும். புரிந்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒப்பிலி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒப்பித்தது: "மரபுப் பண்புகளில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என இரண்டு உண்டு. முயலின் முடியில் பழுப்பு நிறம் ஓங்கு பண்பு. வெள்ளை நிறம் ஒடுங்கு பண்பு."

"ஓங்குன்னா?" என்று கேட்டார் கருப்பட்டி.

இதற்குப் பதில் பாடத்தில் வந்ததா இல்லையா என்று ஒப்பிலி யோசித்துப் பார்த்தது. வரவில்லை. சொந்தமாகச் சொன்னது. "ஓங்கி நிக்கிறது, சார். உசரத்துல."

"ஒடுங்குன்னா?"

"ஓரமா ஒடுங்கி உக்கார்றது."

கூட்டமே பெருமூச்சு விட்டது. எவ்வளவு சுலபம். பழுப்புக்கு மேடு, வெள்ளைக்குப் பள்ளம். யாரும் யாரையும் தள்ளவில்லை, விஞ்ஞானமே தள்ளிவிட்டது.

அன்றைக்கே மேட்டடியில் வரிசை கட்டினார்கள். பழுப்பு முயல்கள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒப்பிலி நாவல்பழச் சாற்றால் 'ஓங்கு' முத்திரை குத்தியது. பழுப்பு முடியில் நாவல் கறை தெரியவே இல்லை. "எனக்குக் குத்தவே இல்ல", "குத்தியாச்சு, போய்யா" என்று வரிசை முழுக்கச் சண்டை. வெள்ளை முடியில் மட்டும்தான் அந்த முத்திரை பளிச்சென்று தெரிந்திருக்கும். வெள்ளைக்குத்தான் முத்திரையே கிடையாது.

மொச்சை நேராக அப்பாவிடம் போனாள். "அப்பா, நான் உங்க பொண்ணு."

"தெரியும்மா. அதனாலதான் கீழ இருக்கிறதுலயே நல்ல வளையா உனக்கு ஒதுக்கியிருக்கேன். ரெண்டு வாசல்."

"ரெண்டு வாசல்லயும் தண்ணி வருமேப்பா."

"சட்டம்னா சட்டம்" என்றார் கருப்பட்டி. கேப்பை பக்கத்தில் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னான், "அக்கா, கொஞ்சம் ஒடுங்கி நில்லேன். வழியில நிக்கிற."

அதையாவது அவள் பொறுத்துக்கொண்டாள். வரிசையின் பின்னாலிருந்து ஒரு சித்தி முயல் கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "அப்பன் பழுப்பு, ஆத்தா பழுப்பு. நடுவுல இந்த வெள்ளை எங்கேர்ந்து வந்துச்சாம்?"

வரிசையில் காதுகளெல்லாம் நிமிர்ந்தன. கருப்பட்டி மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். கொள்ளு வாயில் வைத்திருந்த அருகம்புல்லை மெல்லாமல் அப்படியே நின்றாள். மொச்சை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வளை போனால் போகிறது என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். ஒரே ஒரு நொடிதான்.

ஒப்பிலியைத் தேடிப்போய் மரத்தடியில் நின்றாள். "முழுப் பாடமும் கேட்டியா?"

"கேட்டேனே. பெல் அடிக்கிற வரைக்கும்."

"பெல் அடிச்சா பசங்கதான போகணும். நீ எதுக்குப் போன?"

"அது மத்தியான பெல். அன்னிக்குச் சுண்டல். மிச்சப் பாடம் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்துச்சு. எனக்குத் தூக்கம் வந்துடுச்சு."

"ஒரு சுண்டலுக்காகவா எங்க அம்மா இப்படி நிக்கிறா?" என்றாள் மொச்சை. "பாதியில நின்னவ நான் சொல்றேன், பாதியில நிக்காத. போய் மிச்சத்தையும் கேட்டுட்டு வா. கொய்யாப்பழம் இருக்கிற இடம் காட்டுறேன்."

கொய்யா என்றதும் ஒப்பிலிக்குப் படிப்பின் அருமை புரிந்தது. போன வேகத்தில் திரும்பவில்லை. பத்தாம் வகுப்பு வாத்தியார் அந்தப் பாடத்தைத் திருப்பி நடத்தும்வரை ஜன்னலிலேயே கிடந்தது. வந்ததும் மொச்சை எல்லா முயல்களையும் கூட்டினாள்.

"ஒவ்வொரு உயிரிக்கும் ஒரு பண்புக்கு இரண்டு அல்லீல்கள் உண்டு" என்று ஆரம்பித்தது ஒப்பிலி.

கொள்ளு மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவள் முறை. "ரெண்டு அல்லியா? யாருங்க அது?"

"எனக்கு ஒரு அல்லியக்கூடத் தெரியாதும்மா" என்றார் கருப்பட்டி. அவர் குரலில் நடுக்கம் இருந்ததால் யாரும் நம்பவில்லை.

"அல்லீல், அல்லீல்" என்று கத்தியது ஒப்பிலி. "ஒரே மரபணுவோட வேற வேற வடிவம். ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து வரும். இரண்டும் வேறுபட்டால் ஓங்கு பண்பு மட்டும் வெளியே தெரியும். ஒடுங்கு பண்பு அழியாது, உள்ளே மறைந்திருக்கும். ஒடுங்கு என்றால் தாழ்ந்தது என்று பொருள் அல்ல. சுரேந்தர், ஜன்னலைப் பாக்காத, இங்க பாரு."

கடைசி வரி என்ன தத்துவம் என்று முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒப்பிலிக்கும் தெரியவில்லை. ஆனால் மொச்சைக்கு மண்டையில் பல்பு எரிந்தது. கணக்கில் பெயிலானவளுக்கு எரிந்ததால் அவளே கொஞ்சம் பயந்தாள். ஓடிப்போய்க் கொஞ்சம் புளியங்கொட்டையும் பூசணி விதையும் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"இங்க பாருங்க. எல்லார் உள்ளயும் ரெண்டு விதை. புளியங்கொட்டை பழுப்பு, பூசணி விதை வெள்ளை. ஒரு புளியங்கொட்டை இருந்தாலே போதும், முடி பழுப்பாயிடும். பூசணி சத்தம் போடாம உள்ள உக்காந்திருக்கும். எங்கப்பாகிட்ட ஒரு புளி, ஒரு பூசணி. எங்கம்மாகிட்டயும் அதேதான். பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு விதை குடுப்பாங்க. எதைக் குடுக்கிறோம்னு பாத்துக் குடுக்க முடியாது. எனக்கு ரெண்டு பேரும் பூசணியக் குடுத்துட்டாங்க. அவ்ளோதான் விஷயம்."

கொள்ளு வாயிலிருந்த அருகம்புல்லை மெல்ல ஆரம்பித்தாள். மென்றுகொண்டே அந்தச் சித்தி முயலைப் பார்த்தாள். சித்திக்கு அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்தது.

"அப்போ நான் யாரும்மா?" என்றார் கருப்பட்டி. "ஓங்கா, ஒடுங்கா?"

"ரெண்டும்தான்ப்பா."

"எனக்கு?" என்றான் கேப்பை. இப்போது அவன் நெற்றியைத் தடவவில்லை.

"உனக்குள்ளயும் பூசணி இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. வெளிய பாத்துச் சொல்ல முடியாதுடா."

பழுப்பு முயல்கள் ஒன்றைவிட்டு ஒன்று லேசாகத் தள்ளி நின்றன. பக்கத்தில் நிற்பவனுக்குள் என்ன விதை இருக்கிறதோ, யார் கண்டது.

இந்த இடத்தில் சொல்வதற்கு மொச்சை ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்: 'நிறத்தை விடுங்க, எல்லாரும் சேந்து தோண்டினா மழைக்கு முன்னாடி மேட்டுல எல்லாருக்கும் வளை வந்துடும்.' நல்ல வாக்கியம். வாயைத் திறந்தாள். அதற்குள் கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார்: "அப்படின்னா இங்க கலப்பே இல்லாத சுத்தமானவங்க யாருதான்?"

"நாங்கதான்" என்றாள் மொச்சை.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. ஆனால் பின்வாங்கத் தோன்றவில்லை. "வெள்ளையப் பாத்தாலே தெரியும். ரெண்டும் பூசணி. ஒளிச்சு வைக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல. பழுப்புதான் சந்தேகக் கேஸ்."

கருப்பட்டிக்கு வேண்டியது ஒரு சட்டம், எதுவாக இருந்தாலும் சரி. மறுநாளே வெள்ளைக்கு மேடு, பழுப்புக்குப் பள்ளம் என்றாயிற்று. தலைவரின் வளை மட்டும் தலைவர் வளை என்பதால் நகரவில்லை. வெள்ளை நெற்றிகளில் நாவல் முத்திரை பளிச்சென்று விழுந்தது. எந்தச் சண்டையும் இல்லை. இதுவே சட்டம் சரியானது என்பதற்குச் சாட்சி என்றது ஒப்பிலி.

மொச்சைக்கு மேட்டு உச்சியில் வளை. காற்று, வெயில், ஓடை தெரியும் வாசல். அந்தத் தயார் செய்த வாக்கியத்தை அவள் ஒன்றும் தூக்கி எறிந்துவிடவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தாள். அடுத்த கூட்டம் வந்தது, போனது. அன்று அவளுக்குத் தொண்டை சரியில்லை.

"அக்கா, கீழ இப்பவே ஈரமா இருக்கு" என்றான் கேப்பை ஒருநாள்.

"சட்டம்னா சட்டம்டா" என்றாள் மொச்சை. அப்பா குரல் அப்படியே வந்தது. அதுவும் மரபணுதானோ என்னவோ.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சாமை, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பழுப்பு முயல். அதிகம் பேசமாட்டான், மண் மட்டும் பிரமாதமாகத் தோண்டுவான். பழுப்பாயிற்றே என்று யாரோ இழுத்தபோது, "வீட்டோட மாப்பிள்ளைக்கு விதிவிலக்கு உண்டு" என்றாள். அப்படி ஒரு விதிவிலக்கு அதுவரை கிடையாது. அன்றிலிருந்து உண்டு.

மழை தொடங்கிய வாரத்தில் குட்டிகள் பிறந்தன. முயல் குட்டிகள் பிறக்கும்போது முடியே இருக்காது. எல்லாம் ரோஸ் நிறத்தில் புழு மாதிரி நெளியும். அதனால் மொச்சை நிம்மதியாகத் தூங்கினாள். முடி முளைக்க முளைக்கத்தான் தூக்கம் போயிற்று. ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாம் பழுப்பு. சாமைக்குள் இருந்தது இரண்டும் புளியங்கொட்டை போலிருக்கிறது. கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், நான் பாத்தேனா" என்றான். அவன் சொன்னதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

கேப்பை வந்தான். பள்ளத்திலிருந்து ஏறி வந்ததில் வயிறு வரைக்கும் சேறு. "தாய்மாமன் வந்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே குனிந்து குட்டிகளைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தான்.

"அக்கா, என் வளைக்குப் பக்கத்துல ஒண்ணு காலியா இருக்கு. கொஞ்சம் ஈரம்தான்."

"எதுக்கு? சந்தேகக் கேஸ்தான கீழ போகணும்."

"இதுல சந்தேகம் எங்க இருக்கு? உன்கிட்ட இருக்கிறது ரெண்டும் பூசணி. உன் கையால ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்க. எனக்காவது பூசணி இருக்கா இல்லையான்னு தெரியாது. உன் பிள்ளைகளுக்கு உறுதியா இருக்கு."

அவன் குத்திக்காட்டவில்லை. கணக்கைச் சொன்னான். கணக்கு எப்போதுமே அவளுக்கு எதிரிதான்.

வெளியே மழை வலுத்தது. ஓடைச் சத்தம் மேடு வரை கேட்டது. குட்டிகள் பாலுக்கு முட்டின. மொச்சைக்குப் போன வருஷத்துச் சிநேகிதி ஞாபகம் வந்தாள். அந்தப் பழைய வாக்கியமும் ஞாபகம் வந்தது. அதை இப்போது சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரியும், அதுதான் தொல்லை.

நனைந்துகொண்டே ஓடிப்போய் ஒப்பிலியின் மரத்தடியில் நின்றாள். "பாடத்துல இன்னும் மிச்சம் இருக்கா?"

"இருக்கே. நிறைய இருக்கு" என்றது ஒப்பிலி, இறக்கைக்குள்ளிருந்து தலையை எடுத்து. "உனக்கு எது வரைக்கும் வேணும்னு சொல்லு. அங்க பெல் அடிச்சதா வச்சிக்கலாம்."

"வா, கொய்யா மரம் காட்டுறேன்" என்றாள் மொச்சை.

நீதி: எந்தப் பாடத்தையும் பாதியில் விடாதீர்கள். உங்களுக்குச் சாதகமான வரி வரும்வரை பொறுமையாகப் படியுங்கள். வந்ததும் பெல்லை நீங்களே அடித்துவிடுங்கள்.