விறகுக் கொட்டகையில் துப்பறிந்த கதை

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை துப்பறிந்திருக்கிறேன். கண்டுபிடித்தும் விட்டேன். அதுதான் கஷ்டம்.

ஐம்பதுகளில் போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. டிரங்குப் பெட்டியில் வேட்டி நாலு, துப்பறியும் நாவல் நாற்பது. போதாக்குறைக்கு, முந்தின வாரம் மதுரையில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துத் தொலைத்திருந்தேன். அதுவும் துப்பறியும் நாவலிலிருந்து எடுத்ததுதானாம். ஆனால் நாவலில் இல்லாத இருட்டெல்லாம் அதில் இருந்தது. பாதி முகத்தில் நிழல், தூக்கிவிட்ட காலர், ஓயாத மழை. நாவலில் துப்பறிகிறவர் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போவார். படத்திலோ அவரும் ஒரு பாவத்தைச் சுமந்துகொண்டுதான் வெளியே வந்தார். (அந்த இடம் எனக்குப் புரியவில்லை. அவருடைய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

காலரைத் தூக்கிவிட்டவனெல்லாம் குற்றவாளி என்ற ஞானத்தோடு மலையேறினால், அங்கே குளிருக்கு எல்லோருமே காலரைத் தூக்கிவிட்டிருந்தார்கள்! காலர் இல்லாதவர்கள் கம்பளியால் முகத்தை மூடியிருந்தார்கள். முதல் வாரமே இருநூறு பேர்மேல் சந்தேகம்.

கடைசியில் முத்தம்மாள் அகப்பட்டாள். கொழுந்து பறிக்கிறவள். மத்தியானச் சோற்று நேரத்தில் தூக்குவாளியோடு தனியாக மூடுபனிக்குள் நழுவுவாள். பின்னாலேயே போனேன். பாழடைந்த விறகுக் கொட்டகையில், பாதி முகம் நிழலில், ஓர் ஆள். வாளி கை மாறியது. மலைக்குக் கீழே மதுவிலக்கு. ஆகவே வாளியில் சாராயம், மெட்டு வழியாகக் கடத்தல்! கங்காணியிடம் ஓடினேன்.

மறுநாள் அவர் நாலு பேரோடு வந்தார். நான் இரவல் மழைக்கோட்டில் காலரைத் தூக்கிவிட்டு, "அசையாதே!" என்று பாய்ந்தேன். கொட்டகைக்கு முன்னாலிருந்த ஓடையில், இடுப்பளவு சேற்றில் போய் விழுந்தேன்.

நான் ஏறி வருவதற்குள் கங்காணி வாளியைத் திறந்துவிட்டார். சோறும் கருவாடும்.

"கிளார்க்கய்யா, இவன் மாடசாமில்லா! இவ புருசன். டி.பி.ன்னு போன மாசம் மலைய விட்டு எறக்கினோமே, அவன்."

"ஊர்ல யாருமில்லன்னு திரும்பி வந்துட்டாருய்யா. எஞ்சோத்துல பாதிதான் குடுத்தேன்" என்றாள் முத்தம்மாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாய்யா?"

நாற்பது நாவலில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே இருவரையும் லாரியில் ஏற்றி, அடிவாரத்துப் போடியில் இறக்கிவிட்டார்கள். நோயாளியை ஒளித்துவைத்த குற்றத்துக்கு அவள் பேரையும் பதிவேட்டிலிருந்து வெட்டச் சொன்னார் எஸ்டேட் துரை. பேர் வெட்டுவது கிளார்க்கின் வேலை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இரண்டே மாதத்தில் மாடசாமி இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. நாவல்களையெல்லாம் அடுப்பில் போட்டேன். அதனால் என்ன, அவன் திரும்பியா வருவான்?

எங்கள் வீட்டில் இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி என் மனைவி அந்தப் பாய்ச்சலை நடித்துக் காட்டுவாள். "அசையாதே!" என்று கத்திக்கொண்டு மெத்தையில் குப்புற விழுவாள். பிள்ளைகள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சேற்றிலிருந்து ஏறியது வரைதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் புது மருமகள் கேட்டாள்: "அப்புறம், கொட்டகைக்குள்ள யாரு மாமா இருந்தாங்க?"

"ஒருத்தரும் இல்லம்மா" என்றேன்.