கர்னல் நின்ற நிலை

"பல்லைத் தொட்டாலே படுத்துருதே!" என்று ஜெபதுரை வாசலில் தலையில் கை வைத்தார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாய்க் கண்காட்சி. நடுவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார், உடம்பைத் தடவிப் பார்ப்பார். நாய் ஒரு பின்னங்காலை நீட்டிச் சிலைபோல் நிற்க வேண்டும். கர்னலோ, கை பட்டதும் மல்லாந்து வயிற்றைக் காட்டியது.

கர்னல் லேசுப்பட்ட நாயா? அசல் ஜெர்மன் ஷெப்பர்ட். அது குரைத்தால் மேற்கு மலையில் மேகம் ஒதுங்கி நிற்கும் என்பது ஜெபதுரையின் கணிப்பு. அதைக் கொடுத்த கான்சாபுரத்து ஆட்டுக்காரர் சிவனாண்டியே அன்றைக்குச் சொன்னார்: "ஆட்டைக் கண்டா அசையாதுய்யா. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

"கப்பு வரலைன்னா நாய் கான்சாபுரத்துக்கே போயிரணும்," என்றாள் மனைவி பரிபூரணம். புதுச் சோபாவைக் கர்னல் பஞ்சாக்கிய கோபம்.

ஜெபதுரை பால்கோவாவைக் காட்டினார். கர்னல் நின்றது, இரண்டே காலில், அவர் தோள்மேல் கை போட்டு.

பளபளப்பாவது இருக்கட்டுமென்று தேங்காய் எண்ணெய் தடவினார். மண்ணில் புரண்டு, மசாலா தடவிய மீனாக எழுந்தது.

"சாமான் கட்டவா?" என்றாள் பரிபூரணம்.

அந்நேரம் தெருவில் போன வெள்ளாடு ஒன்று கேட்டுக்குள் தலையை நீட்டியது. கர்னல் அப்படியே நின்றது. காது விடைத்தது. பின்னங்கால் தானாக நீண்டது. கண் இமைக்கவில்லை.

"ஏட்டி, பாரு! கண்ணாலேயே ஆட்டைக் கட்டிப்போடுதான்! ரத்தத்துல ஊறுன மேய்ப்புலா!"

உடனே சிவனாண்டிக்குப் போன் போட்டார். "நாளைக்கு உங்க பெரிய கெடாவைக் கூட்டிட்டு வாங்க."

"நாய்க் கண்காட்சிக்காய்யா?"

"வாங்க, பொறவு சொல்லுதேன்."

மைதானக் கயிற்றோரம் கெடா நின்றது. கர்னல் நின்ற நிற்பில் காற்றே மூச்சை அடக்கியது. நடுவர் பல் பார்த்தார், வாலைத் தூக்கினார். ஒரு ரோமம் அசையவில்லை.

"ஓட விடுங்க," என்றார் நடுவர்.

கெடா ஒரு தும்மல் போட்டது. கர்னல் எதிர்த்திசையில் பறந்தது. வாரைப் பிடித்த ஜெபதுரையின் செருப்புகள் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே கிடந்தன.

"என்ன கட்டுப்பாடு! என்ன வேகம்!" நடுவரே கை தட்டினார்.

கப்பை வாங்கி ஜெபதுரை நெஞ்சோடு அணைத்தார். பரிபூரணம் கர்னலுக்கு முத்தமே கொடுத்துவிட்டாள்.

கெடாவை அவிழ்த்த சிவனாண்டி மெல்லக் கேட்டார்:

"நல்ல நாளும் அதுவுமா அந்தப் பிள்ளைய எதுக்குய்யா இப்படிப் பயங்காட்டுதிய? இந்தக் கெடா முட்டுனதுல இருந்துதான அது ஆட்டைக் கண்டா அசையாம நிக்கி?"