அப்பா தலையில் மண்ணெண்ணெய் ஏறிய விவரம்

தென்காசி
12-7-1958

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகள் குழல்வாய்மொழி வணங்கி எழுதுவது. இவ்விடம் சாரல் நன்றாக இருக்கிறது. அப்பாவின் உச்சந்தலை நீங்கலாக எல்லோரும் நலம். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, நான் பாளையங்கோட்டையில் பி.டி. என்னும் ஆசிரியர் பயிற்சி படிக்க அப்பாவிடம் சம்மதம் வாங்கித் தர வேண்டும். எனக்கு நேரில் கேட்க நா எழாது. இப்போது கேட்கும் நிலைமையும் இல்லை.

நம் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. வீட்டுக்கு உதவாத படிப்பு இன்னும் எதற்கு என்பது அப்பாவின் கேள்வி. நான் படித்த ரசாயனம் உதவும் என்று காட்டுவதற்காக, நேற்று அடுக்களையில் பலசரக்கோடு கலந்து கிடந்த பினாயில், காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, ஒழுகும் தகரத்திலிருந்த மண்ணெண்ணெயை மூடி இறுகும் சர்பத் புட்டியில் ஊற்றி, அம்மாவுக்கு எழுத்து வராதே என்று, தொடக் கூடாதவற்றுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டில் வட்டமாக ஓர் அடையாளம் வைத்து, மூலை அலமாரியில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை அல்லவா, கோயிலுக்குப் போய்த் திரும்பினால் அலமாரி காலி. எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. பிளீச்சிங் பவுடர் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். "ஏட்டி, பொட்டு வச்ச சாமான மூலையில போடலாமா? குத்தம்லா" என்றாள் அம்மா. விளக்கிச் சொல்லக் கூச்சப்பட்டு, காலையில் எடுத்துவிடலாம் என்று குத்துவிளக்கை மட்டும் தள்ளி வைத்தேன்.

இன்று சனிக்கிழமை. நான் எழுமுன் அப்பா, சாமிக்கு வைத்த எண்ணெய் என்று சர்பத் புட்டியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மந்திரமூர்த்தி அண்ணாச்சியுடன் ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். பொடி போட்டுப் போட்டு அவர் மூக்கு வாசனை அறியாது என்பது தங்களுக்குத் தெரியும். பாறையில் உட்கார்ந்து உச்சி முதல் பாதம் வரை தேய்த்திருக்கிறார். சீசன் கூட்டம் ஒவ்வொருவராக விலகி வழிவிட, தமக்குத்தான் மரியாதை என்று எல்லோருக்கும் கும்பிடு போட்டாராம். கடைசியில் பீடி பற்றவைக்க வந்த ஒருவர் மோந்து பார்த்து, தீப்பெட்டியை அருவியில் எறிந்துவிட்டு, "அண்ணாச்சி, இது தலையா, அரிக்கேன் லைட்டா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. இவ்வளவும் மந்திரமூர்த்தி அண்ணாச்சி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அப்பா தலையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். தாங்கள் வந்தால்தான் என் படிப்புக்கு வழி.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு அன்பு. தங்கள் வீட்டுப் புட்டிகளையும் ஒருமுறை மோந்து பார்க்கச் சொல்லவும்.

கீழ்ப்படிந்த மருமகள்,
குழல்வாய்மொழி

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். அப்பா இப்போதுதான் என் பி.டி. விண்ணப்பத்தில் தாமாகவே கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் சொன்ன காரணம் என் காதில் விழுந்தது: "குடும்பம் உசுரோட இருக்கணும்லா. இவ ஹாஸ்டலுக்குப் போகட்டும். இனிமே அங்கன உள்ளவங்க பாடு."