கணக்குப்படி நிமிரக் கூடாத கண்ணாடி

மாதிரிக்காரர் என்றோர் இனம் உண்டு. ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினிக்குள் சமன்பாடுகளாகக் கட்டிவைத்து, அது அவ்வாறு நடந்துகொள்ளாவிட்டால் அந்தப் பொருளின் மேலேயே வருத்தப்படுவோர். சாதுவானவர்கள். இதை எழுதுபவனும் அவர்களுக்குத் தூரத்து உறவுதான்.

நம் மாதிரிக்காரருக்கு வாய்த்த பொருள் வடிவ நினைவு உலோகக்கலவை. வளைத்தால் வளைந்து கிடக்கும். சூடுபட்டால் உள்ளே அணுக்களின் அடுக்கு மாறி, பழைய வடிவத்துக்கே நிமிர்ந்துவிடும். அம்மாற்றம் எந்த வெப்பநிலையில் தொடங்கும், எங்கே முடியும், பாதியில் குளிர்ந்தால் என்னவாகும் என்று கணிப்பதே அவர் தொழில். அவர் கணித்த கோடும் சோதனைக்கூடத்தின் கோடும் விலகினால், ஒரு மாறிலியை, அதாவது தோதான ஓர் எண்ணைச் சேர்ப்பார். மறுபடி விலகினால் இன்னொன்று. மாறிலிகள் பெருகின. உலோகம் தன் போக்கில் இருந்தது.

அன்று காலை அவர் மனைவிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. ஏற்கெனவே இருமுறை தவறியவர். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வரும் பேருந்தும் அவருக்கு மேகம்தான். அந்தக் கண்ணாடியின் மேல் கணவர் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, வளைந்துபோன சட்டம் அதே உலோகக்கலவை.

"என்னங்க, சூடு காட்டினா நிமிரும்னு சொல்லித்தானே வாங்கித் தந்தீங்க? எவ்வளவு சூடு வேணும்?"

"இரும்மா, கணக்குப் போட்டுச் சொல்றேன்."

கணினி யோசித்தது. அம்மையார் யோசிக்கவில்லை, குழாயின் வெந்நீரில் காட்டினார். சட்டம் சோம்பல் முறிப்பதுபோல் நிமிர்ந்தது.

"நிமிர்ந்துடுச்சு."

"நிமிரக் கூடாதே. இன்னும் இருபது டிகிரி வேணுமே."

"அதைக் கண்ணாடிகிட்ட சொல்லுங்க."

வேறெவராயினும் மகிழ்ந்திருப்பார். நம்மவர் என்ன செய்தார்? கண்ணாடியை வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், முன்போலவே வளைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒரு தடவை நடந்தா அது தற்செயலா இருக்கலாம்மா."

வாசலில் பயிற்சிப் பள்ளியின் கார் ஒலியெழுப்பியது. குழாயில் வெந்நீர் தீர்ந்திருந்தது. அம்மையார் கணவரைப் பார்த்தார். அவர் கையருகே ஆவி பறந்த காப்பியைப் பார்த்தார். வளைந்த கண்ணாடி காப்பிக்குள் போயிற்று, நிமிர்ந்து வந்தது. அதைத் துடைத்து அணிந்துகொண்டு அம்மையார் படியிறங்கிவிட்டார்.

நம்மவர் பின்னாலேயே ஓடினார். "காப்பில சர்க்கரை எவ்வளவு போட்ட?"

"எதுக்கு?"

"கணக்குல சேர்க்கணும்."

அம்மையார் தேறிவிட்டார். மாலையில் உரிமத்தோடு அவர் திரும்பியபோது, கணவர் முகத்திலும் வெற்றிக் களை. காப்பிக்கென ஒரு மாறிலி சேர்த்ததும் கோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டதாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், இன்று மழையில்லை என்று கைப்பேசி சொன்னதை நம்பிக் குடையின்றிப் புறப்பட்டு, தெப்பமாக நனைந்தபடியே, "இது மழையா இருக்காது" என்று பக்கத்தில் நிற்பவரிடம் நீங்கள் வாதாடியதுண்டென்றால், சற்று மெல்லச் சிரியுங்கள். பக்கத்தில் நின்று அதை ஆமோதித்தவன் நான்.