வால்வு ரேடியோவுக்கு வயதுச் சான்றிதழ்

ஒரு பொருள் பழையதா இல்லையா என்பதை அரசாங்கம்தான் சொல்ல வேண்டும். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. அதற்காகவே தொன்மைப் பொருள் அங்கீகாரச் செயலகம் என்று ஒன்று இருந்தது. அதில் ஆட்கள் இருந்தார்கள், நாற்காலிகள் இருந்தன, வேலை மட்டும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது ரேடியோ மோகம்.

எங்கிருந்து கிளம்பியதோ தெரியாது, வசதியான வீடு என்றால் முன்னறையில் ஒரு பழைய ரேடியோ இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. பாட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெட்டிதான் முக்கியம். தலை வளைந்த தேக்குப் பெட்டி, முகத்தில் பொன்னிழை ஓடிய துணி, ஊர்ப் பெயர்கள் அச்சடித்த கண்ணாடி, தந்த நிறத்தில் இரண்டு திருகுகள். உள்ளே இருப்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எதிர்வீட்டு வக்கீல் உள்ளே இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டுச் செருப்பு வைத்திருந்தார். மூலைவீட்டுப் பல் டாக்டரின் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்ததும் தச்சர்கள் புதுப் பெட்டி செய்து, தேயிலைத் தண்ணீர் பூசி, ஆணியால் கீறி, ஒரே வாரத்தில் மூன்று தலைமுறை வயதை ஏற்றிக் கொடுத்தார்கள். போலி பெருகினால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வாங்கிய வீட்டுக்காரர் வாசலில் ஒரு பித்தளைத் தகடு மாட்டிக்கொள்ளலாம்.

அந்தத் தெருவில் உண்மையிலேயே பேசிக்கொண்டிருந்த ரேடியோ ஒன்றே ஒன்றுதான். அது தையல்காரம்மாவுடையது. கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவார். வீட்டில் தையல்காரம்மாவும், கல்யாணமாகாத கொழுந்தனும், அம்மா வீட்டிலிருந்து வந்த அந்த ரேடியோவும்தான். அதைப் பழம்பொருள் என்று அவர் நினைத்ததே இல்லை. கூட வேலை பார்க்கிற ஆள் என்று நினைத்திருந்தார். காலையில் திருகினால் உள்ளே கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வு சூடேறி, முகப்பில் பச்சை விளக்குக் கண் மெல்ல விழிக்கும். பிறகு செய்தி, பாட்டு, நாடகம், மறுபடி செய்தி. அது பேசினால்தான் அவருடைய தையல் இயந்திரம் ஒழுங்காக ஓடும். ஒருமுறை மின்சாரம் போய் அது வாயடைத்துக் கிடந்தபோது, ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்துவிட்டார்.

கொழுந்தனுக்கோ தகட்டின் மேல் ஆசை. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்து நின்றான். தையல்காரம்மா நிபந்தனைகளை வாங்கிப் படித்தார். அங்கீகாரம் பெற்ற பெட்டி இனிமேல் பேசக் கூடாது. பேசினால் வால்வு சூடாகும், சூட்டில் மரம் சுருங்கும், மரம் சுருங்கினால் தொன்மைக்குப் பங்கம். ஆகவே திருகுகளுக்கு அரக்கு முத்திரை வைக்கப்படும்.

"போய் வாபஸ் வாங்கிட்டு வா" என்றார். அண்ணியின் முகத்தைப் பார்த்து அவனும் ஓடினான். வாபஸ் வாங்குவதற்குச் சான்றிதழ் எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று செயலகத்தில் சொன்னார்கள். சான்றிதழ் கிடைத்துவிட்டால் அப்புறம் வாபஸ் கிடையாது என்பதையும் கனிவோடு எடுத்துச் சொன்னார்கள்.

உரிய காலத்தில், அதாவது எல்லோரும் மறந்துபோன பிறகு, ஆய்வாளர் வந்தார். பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அதன் வளைவைத் தடவி, இப்படி ஒரு தோள்பட்டை இந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு வராது என்று உருகினார். கொழுந்தனுக்குத் தகடு கண்ணில் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, பாதியில் நின்ற பள்ளிச் சீருடைகளைத் தைத்து முடிக்கலாமென்று தையல்காரம்மா ரேடியோவைத் திருகினார். அது அன்றைய தேதியைச் சொல்லிச் செய்தி வாசிக்க ஆரம்பித்தது.

ஆய்வாளர் இரண்டடி பின்வாங்கினார்.

"என்னம்மா இது, இன்னைக்குச் செய்தி சொல்லுது?"

"இன்னைக்கு இன்னைக்குச் செய்திதானே சார் வரும்?"

"பெட்டிக்கு எழுபது வயசுன்னு மனுவுல இருக்கு. எழுபது வயசுப் பெட்டி இன்னைக்குத் தேதியைச் சொன்னா, ஒண்ணு பெட்டி பொய், இல்ல செய்தி பொய். செய்தி அரசாங்கத்தோடது. அதைப் பொய்னு நான் எழுத முடியாது."

"உங்க ஆபீஸ் கட்டடம்கூட நூறு வருஷத்துக் கட்டடம் சார். அதுக்குள்ள நீங்கதானே இருக்கீங்க?"

"அதனாலதாம்மா அந்தக் கட்டடத்துக்கு இன்னும் சான்றிதழ் கிடைக்கல" என்றார் ஆய்வாளர் வருத்தத்தோடு.

தப்பித்தோம் என்று தையல்காரம்மா மனதுக்குள் குதித்தார். ஆனால் செயலகம் யாரையும் அவ்வளவு சுலபத்தில் கைவிடுவதில்லை. மேற்படி பெட்டியின் உள்ளடக்கம் அதன் வயதுக்கு ஒத்திருப்பதை மெய்ப்பிக்க மனுதாரருக்கு இன்னொரு வாய்ப்பு அளிக்கப்படுவதாகக் கடிதம் வந்தது.

கொழுந்தன் அடுத்த தெருவுக்குப் போய் ஓய்வுபெற்ற செய்தி வாசிப்பாளரை அழைத்து வந்தான். கம்பீரமான குரல். அதைக் கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. பேரம் எதுவும் பேசாமல் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்த வருஷத்துச் செய்தி வேணும், தம்பி?"

"எழுபது வருஷத்துக்கு முந்தினது சார். பேப்பர் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"பேப்பர் எதுக்கு?" என்றார் அவர், சற்றுப் புண்பட்டவராக.

ரேடியோவின் முதுகில், அந்தக் காலத்தில் இசைத்தட்டுப் பெட்டியை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் உண்டு. அதில் ஒரு வயரைச் செருகி, சுவரோரமாகச் சமையலறைவரை இழுத்து, மைக்கை அவர் கையில் கொடுத்தான் கொழுந்தன். அவர் பாத்திர அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மறு ஆய்வு நாள் வந்தது. தையல்காரம்மா மடியில் துணியைப் போட்டுக்கொண்டு ரேடியோவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, கையைப் பின்னால் விட்டு வயரைப் பிடுங்கி மடித்துணிக்குள் ஒளித்துக்கொண்டார். முன்னால் இருந்த திருகை வழக்கமான நிலையத்துக்குத் திருப்பினார். இன்றைய செய்தி வரட்டும், ஆய்வாளர் கோபித்துக்கொண்டு போகட்டும், நம் வேலை நடக்கட்டும் என்பது அவர் கணக்கு.

செய்தி பாதி ஓடிவிட்டிருந்தது. தேதி சொல்லி முடித்திருந்தார்கள்.

விலைவாசி கட்டுக்குள் இருப்பதாக அமைச்சர் தெரிவித்தார். ஆற்றுப் பாலத்தின் பணிகள் முடியும் தறுவாயில் உள்ளன. தவறு செய்தவர்கள் யாராக இருந்தாலும் தப்ப முடியாது. இது குறித்து ஆராய உயர்நிலைக் குழு அமைக்கப்படும்.

ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்தார்.

"எங்கப்பா எங்க தாத்தா மடியில உட்கார்ந்து கேட்ட செய்திம்மா" என்றார் தழுதழுத்து. "அதே பாலம்."

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், இது இன்னைக்குச் செய்தி. இந்த நிமிஷம் வாசிக்கிறாங்க."

"சும்மா இருங்க அண்ணி" என்று பல்லைக் கடித்தான் கொழுந்தன்.

"என்னை ஏமாத்த முடியாதும்மா" என்றார் ஆய்வாளர். "இன்னைக்குச் செய்தின்னா புதுசா ஏதாவது ஒண்ணு இருக்காதா?"

அங்கேயே அரக்கை உருக்கினார். ரேடியோவை நிறுத்தித் திருகுகளுக்கு முத்திரை வைத்தார். பச்சைக் கண் அணைந்தது. கொழுந்தன் சுத்தியலைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

தையல்காரம்மா அழுதுவிட்டார். நம் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்ற அழுகை. சமையலறையிலிருந்து வெளியே வந்த செய்தி வாசிப்பாளர், தையல்காரம்மாவின் மடியிலிருந்து தரையில் விழுந்த வயரை எடுத்துச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். நடந்தது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ரேடியோவுல ஒரு பையன் வாசிச்சது எனக்கும் கேட்டுதும்மா. நான் வாசிச்சதைத்தான் அவனும் வாசிச்சான். அதான் நான் நிறுத்தல" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, காலையில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்றார்.

மறுநாள் முதல் அவர் தினமும் வருகிறார். பித்தளைத் தகட்டைத் தாண்டி உள்ளே வந்து, முத்திரை வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செய்தி வாசிக்கிறார். தையல் நேராக ஓடுகிறது. தங்கள் வீட்டுப் பெட்டியில் செருப்பும் பூனையும் வைத்திருக்கிற தெருக்காரர்களெல்லாம் ஜன்னலோரம் நின்று கேட்கிறார்கள். உண்மை நிலவரம் தெரிய வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும் என்கிறார் வக்கீல். ஆய்வாளரும் ஆபீஸ் போகிற வழியில் நின்று கேட்டுவிட்டு, பாலம் சீக்கிரம் முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று மகிழ்ந்து போகிறார்.

செய்தி வாசிப்பாளர் கையில் காகிதம் எதுவும் கிடையாது. ஆரம்பிப்பதற்கு முன் தேதியை மட்டும் தையல்காரம்மாவிடம் கேட்டுக்கொள்கிறார்.