மனக்கண் துரைராசும் மஸ்கட் போனும்

குத்தாலத்தில் அந்த வருடம் இரண்டு இடங்களில்தான் கூட்டம். ஒன்று, மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் பேசுவதற்கு வேம்புவின் எஸ்.டி.டி. பூத். இன்னொன்று, அதே கட்டடத்தின் பின்னறையில் குடியிருந்த ‘மனக்கண்’ துரைராசு. மேட்டூரில் தண்ணீர் திறந்தால்கூட இவ்வளவு சனம் சேராது.

துரைராசுவின் மகிமை இதுதான்: குறையோடு தேடிப் போனவர் வாயைத் திறக்க வேண்டாம். திறக்கவே கூடாது! அவரே மனத்துக்குள் எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். டாக்டர்கூட “என்னம்மா செய்யுது?” என்று கேட்கிறார். இவர் கேட்பதில்லை. அப்படியானால் யார் பெரியவர்? கூட்டம் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே வருமுன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டு ஆண்பிள்ளைக்குப் போன் போட்டு, குறையை விவரமாகச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். எவ்வளவு கண்ணியமான மனிதர்! மஸ்கட் தூரமல்லவா? நம்மவர்கள் ரகசியத்துக்காகக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கடல் தாண்டிக் கேட்கும்படி கத்துவார்கள். பூத்துக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு.

காளியம்மாள், மஸ்கட்டில் இருந்த மகனிடம் போனில் சம்மதம் வாங்கிக்கொண்டு, தன் மருமகள் அம்சத்தை அங்கே கூட்டிப் போனாள். பெண்குழந்தை செத்துப் பிறந்ததிலிருந்து அம்சத்துக்குச் சோறு இல்லை, தூக்கம் இல்லை, பேச்சும் இல்லை. “பேய்தான். மறுதடவை வா, பேரச் சொல்றேன். அமாவாசைக்குப் புளிய விளாறால அடிச்சா ஓடிடும்” என்றார் துரைராசு. எலும்பும் தோலுமாக நிற்பவளுக்கு விளாறு வைத்தியம்! நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காளியம்மாளின் மகள் கயல்விழி திருச்சியில் மனநல ஆலோசனை படித்துக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு ஓடி வந்தாள்.

“அம்மா, அண்ணிய அடிக்க விடமாட்டேன்.”

“ஒனக்கு என்னடி தெரியும்? அவரு மனசுல உள்ளதப் புட்டுப்புட்டு வைக்கிறாரு!”

“சரி. இந்தத் தடவை அண்ணனுக்கு நான் பேசுறேன். அப்புறம் அவரு என்ன சொல்றாருன்னு பாப்போம்.”

காளியம்மாளும் அம்சமும் பின்வாசல் வரிசையில் நின்றார்கள். கயல்விழி பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாள்: “அண்ணே! விஷயம் தெரிஞ்சுபோச்சு! அண்ணியோட அக்கா மரகதம் வாய்க்கால்ல விழுந்து செத்தாங்கல்ல? அவங்க ஆவிதான்!”

பின்னறையில் துரைராசு கண்களை மூடினார். “தண்ணி தெரியுது... வாய்க்கா... ஒரு பொம்பள... இவ கூடப் பொறந்த அக்கா... மரகதம்!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. காளியம்மாள் மட்டும் போடவில்லை.

“என்னங்க சொல்றீங்க? எம் மருமவ ஒத்தப் பொண்ணுங்க. அக்காவுக்கு எங்க போறது?”

மனக்கண் ஒரு கண்ணைத் திறந்தது. “அது... போன சென்மத்து அக்கா.”

“அந்த அக்கா இப்பத்தாங்க பூத்துல பொறந்தாங்க” என்றாள், பூத்திலிருந்து பின்னறைக்கு வந்து நின்ற கயல்விழி. “வேம்பண்ணே, நான் பேசுனதுக்கு பில் குடுங்க.”

பலகைக்கு அந்தப் பக்கம் வேம்பு மீட்டரைப் பார்த்துச் சொன்னான். பூஜ்யம்.

“நான் டயலே பண்ணல. மஸ்கட்டுக்குப் போகாத பேச்சு, இந்த ரூமுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

யாரோ துரைராசுவின் ஆசனத்தை நகர்த்தினார்கள். பின்னால் பலகையில், சரியாகக் காது உயரத்தில், வட்டமாய்த் தலை எண்ணெய்ப் பிசுக்கு. திரும்பிப் பார்த்தால் மனக்கண் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

கயல்விழி அம்சத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அண்ணி, சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க. இல்லன்னாலும் பரவால்ல, நான் இருக்கேன்.” அதற்குமேல் அவள் எதுவும் பேசவில்லை. புத்தி சொல்ல வாயெடுத்த கூட்டத்தையும் கையமர்த்தினாள். வெகுநேரம் கழித்து அம்சத்துக்குக் குரல் வந்தது.

“எம் பொண்ணுக்கு அப்படியே அவங்கப்பா மூக்கு. அத அவருகிட்டச் சொல்லணும். போன்ல அழுதுடுவேன்னு யாரும் எங்கிட்டக் குடுக்கல.”

மகனோடு ஒவ்வொரு தடவையும் தானே பேசி முடித்த காளியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கயல்விழி டயல் செய்து, அம்சத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, ஊரைத் தெருக்கோடிவரை விரட்டினாள். இந்தத் தடவை மீட்டர் ஓடியது.

அன்றே குணமாகிவிட்டாள் என்று சொன்னால் நானும் ஒரு துரைராசுதான். மாதங்கள் பிடித்தன. அன்று சோறு கேட்டுச் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

எனக்கு ஒரே சந்தேகம், பெரியோர்களே! வாயுள்ள பெண்ணின் வாயை அடைத்துவிட்டு, அவள் மனத்தில் என்ன இருக்கிறதென்று பலகையில் காது வைத்தவனிடம் போய்க் கேட்டீர்களே, உங்கள் காதுகளெல்லாம் தோடு மாட்ட மட்டும்தானா?